அம்மாவின் கடைவாய்ப் பல்லும் கல்கத்தா பல் காலேஜும்

போன தீபாவளிக்கு ஊரிலிருந்து வந்த அம்மா, வந்த மூன்றாம் நாள் ராத்திரி ஹாலில் விளக்குப் போடாமல் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கிராம்பு வாசனை அடுக்களை வரை வந்தது.

"என்னம்மா, பல்லா?"

"ஒண்ணுமில்லய்யா. வெத்தல ஒறைப்பு."

அம்மா வெற்றிலையை விட்டுப் பத்து வருஷமாகிறது. காலையில் பார்த்தால் வலது கன்னம் கொழுக்கட்டை மாதிரி வீங்கியிருந்தது. தங்கமணி பார்த்துவிட்டு, "லேக் மார்க்கெட் பக்கத்துல அந்த லேடி டென்டிஸ்ட்கிட்ட கூட்டிட்டுப் போங்க" என்றாள். அம்மா மாட்டேன் என்று ஒரே பிடியாய்ப் பிடித்தாள். எதற்கு என்று எனக்குத் தெரியும். அதைச் சொல்லிவிட்டுத்தான் சரித்திரத்துக்குப் போக வேண்டும். (கொசுவத்தி கொஞ்சம் சுத்திக்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.)

2004ல் மாமாவின் ஆபரேஷனுக்கு ரத்தம் கொடுக்கப் போன அப்பாவைத் தனியே கூப்பிட்டு, உங்கள் ரத்தத்தில் ஹெபடைடிஸ் பி இருக்கிறது, எடுக்க முடியாது என்றார்கள். அப்பா பீடி சிகரெட் தொட்டதில்லை, குடித்ததில்லை. எப்படி வந்தது என்று மதுரையில் டாக்டர் கேட்டார். ஊசி போட்டீர்களா, ரத்தம் ஏற்றினார்களா, பல் பிடுங்கினீர்களா? அம்மா உடனே சொன்னாள், ஊரில் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒருத்தரிடம் 1991ல் மூன்று பல் பிடுங்கியதை. நானும் துணைக்குப் போயிருந்தேன். ஸ்டவ் மேல் ஒரு அலுமினியச் சட்டி. அதில் கொதிக்கிற தண்ணீரில் குறடு, கண்ணாடி எல்லாம் கிடக்கும். முந்தின ஆளுக்குப் போட்டதை அலசிச் சட்டியில் போடுவார், அடுத்த ஆளுக்கு அதிலிருந்தே எடுப்பார். எவ்வளவு நேரம் கொதித்தது என்று யாரும் பார்த்ததில்லை.

மதுரை டாக்டர் நியாயமான மனுஷர். "அங்கதான் வந்துச்சுன்னு சொல்ல முடியாதும்மா. சலூன் கத்தியா இருக்கலாம், பழைய கண்ணாடி ஊசியா இருக்கலாம், பிறக்கும்போதே அவங்க அம்மாகிட்ட இருந்து வந்திருக்கலாம்" என்றார். எனக்கு அது புரிந்தது. அம்மாவுக்குப் புரியவில்லை, அல்லது புரிந்துகொள்ள விருப்பமில்லை. 2009ல் ஈரல் கெட்டு அப்பா போனார். அன்றிலிருந்து அம்மா எந்தப் பல் டாக்டரிடமும் வாயைத் திறந்ததில்லை.

நான் படித்தது பி.காம். ரத்தம் பார்த்தால் தலை சுற்றும் ஜாதி. ஆனால் ஒரு ஃபைலில் சந்தேகம் வந்தால் முதல் பக்கத்திலிருந்து புரட்டாமல் விடாத தொழிலில் இருபது வருஷத்துக்கு மேல் ஓட்டியாகிவிட்டது. அம்மா வீக்க மாத்திரை சாப்பிட்ட அந்த ஐந்து நாளும், பேங்க் விட்டு வந்ததும் இதைத்தான் புரட்டிக்கொண்டிருந்தேன். பல் பிடுங்குவதற்கு இந்த நாட்டில் ஒழுங்குமுறை என்று ஒன்று எப்போது வந்தது? யார் கொண்டுவந்தார்கள்?

விடை நான் தினமும் பஸ்ஸில் கடந்து போகிற வழியிலேயே இருந்தது. சியால்தாவிலிருந்து மௌலாலி பக்கம் திரும்பினால் ஆச்சார்யா ஜகதீஷ் சந்திர போஸ் ரோட்டில் டாக்டர் ஆர். அகமது பல் மருத்துவக் கல்லூரி என்று போர்டு வரும். கூட்டமாய் இருக்கும், மூக்கைப் பொத்திக்கொண்டு போவோம். இந்தியாவின் முதல் பல் மருத்துவக் கல்லூரி அதுதான்.

ரஃபியுத்தீன் அகமது 1890ல் டாக்கா ஜில்லாவில் பிறந்தவர். 1909ல் அமெரிக்கா போனார். அயோவா பல்கலைக்கழகத்தில் 1915ல் பல் மருத்துவம் முடித்து, பாஸ்டனில் குழந்தைகளுக்கான ஒரு பல் மருத்துவமனையில் சில வருஷம் வேலை பார்த்தார். 1919ல் திரும்பி வந்தார். 1920ல் கல்லூரி ஆரம்பித்தார். பணம்? அதுதான் எனக்கு ரொம்பப் பிடித்த இடம். கல்கத்தாவில் நியூயார்க் சோடா ஃபவுண்டன் என்று ஒரு கடை போட்டு, அந்த வருமானத்தில் கல்லூரியை நடத்தினார். இனிப்பு சோடா விற்ற காசில் பல் காலேஜ்! எங்கள் லோன் கமிட்டியில் இந்த ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டை வைத்தால் "ஒன்றுக்கொன்று முரணான தொழில்" என்று திருப்பி அனுப்பியிருப்போம் :)

அங்கே படித்தவர்களில் ஒருவர் ஃபாத்திமா ஜின்னா. ஆமாம், முகமது அலி ஜின்னாவின் தங்கை. படிப்பை முடித்து 1923ல் பம்பாயில் பல் ஆஸ்பத்திரி வைத்தார். பின்னாளில் பாகிஸ்தானில் அயூப் கானை எதிர்த்து ஜனாதிபதித் தேர்தலில் நின்றவரும் இவரே.

அகமது கல்லூரி ஆரம்பித்த காலத்தில் யார் வேண்டுமானாலும் பல் பிடுங்கலாம். நாவிதர் பிடுங்குவார், சந்தையில் மருந்து விற்பவர் பிடுங்குவார். கல்கத்தாவுக்கே உரிய ஒரு கூட்டமும் உண்டு. சீனாவின் ஹூபே மாகாணத்திலிருந்து வந்தவர்கள். காகிதப்பூ செய்து விற்றவர்களும் அவர்கள்தான், பல் வைத்தியம் பார்த்தவர்களும் அவர்கள்தான். இங்கே சீனர்களில் ஹக்காக்காரர்கள் தோல் பதனிடுதல், செருப்பு என்றும், காண்டன்காரர்கள் தச்சு வேலை என்றும் பிரிந்திருந்த மாதிரி, இவர்களுக்குப் பல். அப்பாவிடமிருந்து மகன் கற்றுக்கொள்கிற தொழில். இவர்களில் கைராசிக்காரர்கள் நிறையப் பேர் இருந்திருப்பார்கள், நான் மறுக்கவில்லை. கைராசியை எப்படி அளப்பது என்பதுதான் அகமதுவின் பிரச்சினை. அதற்குச் சட்டம் வேண்டும் என்று பல வருஷம் அலைந்தார். 1939ல் வங்காள பல் மருத்துவர் சட்டம் வந்தது. இந்தியாவில் இந்தத் தொழிலுக்கு வந்த முதல் சட்டம்.

சுதந்திரத்துக்கு அடுத்த வருஷம், 1948ல், அகில இந்தியாவுக்கும் சட்டம் வந்தது. 1949 ஏப்ரலில் இந்தியப் பல் மருத்துவக் கவுன்சில் அமைந்தது. அதே 1949ல் அகமது தன் கல்லூரியை மேற்கு வங்க அரசாங்கத்துக்கே எழுதிக் கொடுத்துவிட்டார். அப்புறம் பி.சி. ராய் மந்திரிசபையில் மந்திரியாக இருந்து, பத்மபூஷண் வாங்கி, 1965ல் காலமானார். (நம் சென்னையில் மெடிக்கல் காலேஜின் பல் பிரிவு 1953ல்தான் வந்தது. முப்பத்து மூன்று வருஷம் பின்னாடி.)

அந்த 1948 சட்டத்தைப் படித்துப் பார்த்தேன். தூக்கம் வராதவர்களுக்கு சிபாரிசு செய்கிறேன். ஆனால் அதில் ஒரு சுவாரசியம் இருக்கிறது. பதிவேடு இரண்டு பகுதி. 'ஏ' பகுதி, படித்துப் பட்டம் வாங்கியவர்களுக்கு. 'பி' பகுதி, பட்டம் இல்லாமல், ஆனால் குறைந்தது ஐந்து வருஷமாக இதையே பிழைப்பாக நடத்திக்கொண்டிருந்தவர்களுக்கு. வேறு வழியில்லை. இந்தப் பெரிய தேசத்தில் பட்டதாரிகள் கைவிரல் விட்டு எண்ணக்கூடிய அளவில் இருக்கும்போது மற்றவர்களை வெளியே தள்ளினால் ஜனங்களின் பல்லை யார் பார்ப்பார்கள்? பழைய பாக்கியை எல்லாம் ஒரே நாளில் வாராக்கடன் என்று எழுதினால் பேங்கே மூழ்கிவிடும், கொஞ்சம் கொஞ்சமாகத்தான் சரிக்கட்ட வேண்டும். அந்தக் கணக்குத்தான். பதிவே இல்லாமல் தொழில் செய்தால் முதல் தடவை 500 ரூபாய் வரை அபராதம். 1948ல் அது பெரிய காசு. தொகையை ஏற்ற யாருக்கும் தோன்றாததால், நான் பேங்கில் சேர்ந்த காலத்தில் அது ஒரு குடும்பம் ஹோட்டலில் சாப்பிடுகிற காசாகியிருந்தது.

ஆனால் என் கண்ணை உறுத்தியது வேறு. அந்தச் சட்டம் முழுக்க "யார்" என்பதைப் பற்றியே பேசுகிறது. யார் பட்டம் வாங்கியவர், யார் பெயர் பதிவேட்டில் இருக்கலாம், யாரை நீக்கலாம். வாய்க்குள் போகிற குறடு எங்கே இருந்தது, எதில் கழுவியது என்பது அந்தச் சட்டத்தின் கவலையே இல்லை. அது டாக்டரின் மனசாட்சிக்கு விட்ட சமாச்சாரம். எங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டு வைத்தியர் 'பி' பகுதியா, ஒன்றுமே இல்லையா, எனக்குத் தெரியாது. பட்டம் வாங்கி ஃப்ரேம் போட்டு மாட்டியவர்களில் எத்தனையோ பேரும் அந்தக் காலத்தில் அதே சட்டியில்தான் கொதிக்க வைத்துக்கொண்டிருந்தார்கள்.

கொதிக்க வைத்தால் போதாதா என்று கேட்கலாம். அம்மாவும் கேட்டாள். நல்ல கொதியில் போதுமான நேரம் கிடந்தால் பெரும்பாலான கிருமிகள் செத்துவிடும். சில ஜாதி பாக்டீரியாக்கள் மட்டும், கஷ்ட காலம் வந்தால் தங்களைச் சுற்றி ஓடு கட்டிக்கொண்டு விதை மாதிரி படுத்துவிடும். அந்த விதைகளுக்கு 100 டிகிரி போதாது. இதைக் கண்டுபிடித்து, பாஸ்டரின் ஆய்வகத்தில் சார்லஸ் ஷாம்பர்லான் என்பவர் 1879ல் ஆட்டோகிளேவ் என்ற நீராவிப் பெட்டியைச் செய்தார். அழுத்தம் ஏற்றினால் நீராவியின் சூடு 100க்கு மேல் போகும். 15 பவுண்டு அழுத்தத்தில் 121 டிகிரி, 15 நிமிஷம். இன்னும் ஏற்றி 134 டிகிரி என்றால் மூன்று நாலு நிமிஷமே போதும். நம் அடுப்பங்கரை ப்ரஷர் குக்கரும் கிட்டத்தட்ட அதே 15 பவுண்டுதான். அக்கா தம்பி மாதிரி.

1879ல் வந்த பெட்டி ஒவ்வொரு பல் ஆஸ்பத்திரிக்கும் வந்து சேர நூறு வருஷம் எடுத்தது. கையுறை கதையும் அப்படியே. 1889 வாக்கில் அமெரிக்காவில் ஹால்ஸ்டெட் என்ற சர்ஜன், மருந்துத் தண்ணீரில் கை புண்ணாகிப்போன தன் நர்ஸுக்காக ரப்பர் கையுறை செய்து வாங்கினார். (அடுத்த வருஷமே அந்த நர்ஸைக் கல்யாணம் பண்ணிக்கொண்டார். காதலுக்காக வந்ததுதான் கையுறை!) ஆபரேஷன் தியேட்டரில் அது சீக்கிரமே நுழைந்துவிட்டது. பல் டாக்டர்கள் மட்டும் உலகம் முழுக்க வெறுங்கையோடுதான் வாய்க்குள் விட்டுக்கொண்டிருந்தார்கள், 1980கள் வரை.

மாற்றியது பயம். 1981ல் எய்ட்ஸ் செய்தி வந்தது. இந்தியாவில் அதை முதலில் கண்டுபிடித்தது நம் சென்னையில், 1986ல். டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும். அப்புறம் 1990ல் ஃப்ளோரிடாவிலிருந்து ஒரு செய்தி. எய்ட்ஸ் இருந்த ஒரு பல் டாக்டரிடம் பல் பிடுங்கிக்கொண்ட இளம்பெண்ணுக்கு அந்த நோய். தேடிப் பார்த்ததில் அவரிடம் போன ஆறு பேருக்கு அவரிடமிருந்தே வந்திருக்கிறது. எந்த வழியாய் வந்தது என்பது கடைசிவரை நிரூபணமாகவில்லை. ஆனால் அமெரிக்கா முழுக்க ஜனங்கள் கேட்க ஆரம்பித்தார்கள்: "கையுறை போட்டிருக்கிறாயா? அந்த மெஷினை எதில் கழுவினாய்?" 1991 டிசம்பரில் ரத்தம் வழியாய்ப் பரவும் நோய்களுக்கான கட்டாய விதிகள் அங்கே வந்தன. 1993ல், பல் ராவும் கைக்கருவியையும் ஒவ்வொரு நோயாளிக்கும் நடுவில் சூட்டில் சுத்திகரிக்க வேண்டும் என்று எழுதி வைத்தார்கள்.

அந்தக் கைக்கருவியைப் பற்றி ஒரு வார்த்தை. க்ய்ய்ய் என்று நம் உயிரை எடுக்குமே, அதுதான். காற்றால் சுழலும் அந்த வேகக் கருவி 1957ல் சந்தைக்கு வந்தது. நிமிஷத்துக்கு மூன்று லட்சம் சுற்று. நிறுத்தும்போது உள்ளே ஒரு கணம் வெற்றிடம் உண்டாகி, வாயில் இருக்கிற எச்சில் ரத்தம் எல்லாம் துளி துளியாக உள்ளே இழுக்கப்படலாம். அடுத்த ஆளின் வாயில் சுவிட்சைப் போட்டதும் அது வெளியே வரலாம். வெளிப்புறத்தை ஸ்பிரிட் போட்டுத் துடைத்து என்ன பிரயோஜனம்? இதைப் படித்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

இவ்வளவுக்கும் நடுவில், அப்பாவின் ரத்தத்தில் இருந்த அந்த வைரஸ் எய்ட்ஸைவிட எத்தனையோ மடங்கு சுலபமாய்த் தொற்றுவது. உலர்ந்துபோன ரத்தக் கறையில்கூட ஏழு நாள் உயிரோடு இருக்கும். அதற்கு 1981லேயே தடுப்பூசி வந்துவிட்டது. இந்தியாவில் செய்த ஊசி, ஹைதராபாத் சாந்தா பயோடெக்னிக்ஸிலிருந்து, 1997ல் வந்தது. விலை அதற்கப்புறம்தான் நம்மைப் போன்றவர்களுக்கு எட்டியது. அப்பாவுக்குத் தெரிய வந்த வாரமே அம்மாவுக்கும் எனக்கும் தங்கைக்கும் டெஸ்ட் எடுத்து, இல்லை என்றதும் மூன்று டோஸ் போட்டுக்கொண்டோம். உங்கள் வீட்டில் பெரியவர்களுக்குப் போட்டாயிற்றா?

இதெல்லாம் பழைய கதை, இப்போது எல்லாம் ஏசி, டைல்ஸ், கம்ப்யூட்டர் என்று மாறிவிட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். வாணியம்பாடி செய்தியைப் படிக்கும் வரை.

2022, 2023ல் திருப்பத்தூர், வேலூர் வட்டாரத்தில் சிலர் காய்ச்சல், தலைவலி, முகம் கோணுதல் என்று வேலூர் சி.எம்.சி.க்கு வந்தார்கள். மெலியாய்டோசிஸ். மண்ணிலும் தண்ணீரிலும் இருக்கும் ஒரு பாக்டீரியா, மூளைக்குப் போய்விட்டிருந்தது. டாக்டர்களும் சுகாதாரத் துறையும் ஐ.சி.எம்.ஆர். ஆட்களும் ஒவ்வொருவராய் விசாரித்ததில், பத்துப் பேர் வாணியம்பாடியில் ஒரே பல் ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள். அதில் எட்டுப் பேர் இறந்துவிட்டார்கள். 2025ல் லான்செட் குழுமத்தின் பத்திரிகையில் ஆய்வறிக்கை வந்த பிறகுதான் ஊருக்கே தெரிந்தது.

காரணம் என்ன தெரியுமா? சலைன் பாட்டில். வாயைக் கழுவும் உப்புத் தண்ணீர். அதன் மூடியை சுத்திகரிக்காத ஒரு கருவியால் திறந்து, பாதியை ஒருவருக்குப் பயன்படுத்தி, மிச்சத்தை லேசாய் மூடி வைத்து, அடுத்தவருக்கும் அதையே எடுத்திருக்கிறார்கள் என்கிறது அறிக்கை. ஒரு பாட்டில் சலைன் என்ன விலை இருக்கும்? நம் வீட்டுப் பால் பாக்கெட்டுக்கு மேல் கொஞ்சம்.

சட்டங்கள் இல்லாமல் இல்லை. மருத்துவக் கழிவுக்கு 1998ல் விதி, 2016ல் புது விதி. ஊசியை எந்த டப்பாவில், பஞ்சை எந்தக் கலர் பையில் என்பது வரை. தமிழ்நாட்டில் தனியார் ஆஸ்பத்திரிகளுக்கான சட்டம் 1997ல் வந்தது. அதை நடைமுறைப்படுத்தும் விதிகள் 2018ல் வந்தன. இருபத்தொரு வருஷம்! எங்கள் பேங்கில் ஒரு சர்க்குலர் இருபத்தொரு நாள் தாமதமானால் மெமோ வரும். மேற்கு வங்கத்தில் 2017ல் ஒரு சட்டம். 1948 சட்டத்துக்குப் பதிலாகத் தேசியப் பல் மருத்துவ ஆணையச் சட்டத்தை 2023ல் நாடாளுமன்றம் நிறைவேற்றியது. காகிதத்தில் குறையே இல்லை. தெருமுனையில் இரண்டு நாற்காலி போட்ட ஆஸ்பத்திரிக்குள் போய், பெட்டியைத் திறந்து, "நேற்று எத்தனை தடவை ஓட்டினாய், காட்டு" என்று கேட்பதற்குத்தான் ஆள் இல்லை. பேங்கில் இப்படி ஆடிட்டே இல்லாமல் ஒரு கிளையை விட்டால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். நல்லவர்கள் நல்லவர்களாகவே இருப்பார்கள், சோம்பேறிகள் சோம்பேறிகளாக ஆவார்கள்.

சரி, அம்மாவுக்கு வருவோம். வீக்கம் வடிந்தது. பல் ஆடிக்கொண்டிருந்தது, எடுத்துத்தான் ஆக வேண்டும். நான் அம்மாவிடம் ஒரு ஒப்பந்தம் போட்டேன். "நீ முதல்ல நாற்காலில உக்காராத. நாம போயி எல்லாத்தையும் பாப்போம். உனக்குத் திருப்தி இல்லன்னா எந்திரிச்சு வந்துரலாம்." அரை மனசாய்க் கிளம்பினாள்.

டாக்டர் அம்மாவுக்கு நாற்பது நாற்பத்தைந்து வயசிருக்கும். அந்த சியால்தா காலேஜில் படித்தவர். சுவரில் பதிவு எண் எழுதி மாட்டியிருந்தது. என் அரைகுறை பெங்காலியில், அப்பா கதையைச் சொல்லி, உங்கள் சுத்திகரிப்பு இடத்தைப் பார்க்கலாமா என்று கேட்டேன். கேட்பதற்கு முன்னாடி பஸ்ஸில் நாலு தடவை ஒத்திகை பார்த்தேன். கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் எழுந்து, "ஆஷுன் மாஷிமா" என்று அம்மாவின் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப் போனார்.

சின்ன அறை. ஒரு பக்கம் அழுக்குக் கருவிகள் வரும் தொட்டி, மறுபக்கம் மேஜையில் ஆட்டோகிளேவ். அம்மா அதைச் சுற்றிப் பார்த்துவிட்டு என்னிடம், "எய்யா, இது குக்கர்தான? ஆவி நல்லா வந்த பெறகு வெயிட்டு போடுதாளா, எடுத்த ஒடனேயே போட்டுருதாளான்னு கேளு" என்றாள்.

எனக்குச் சிரிப்பு வந்தது. மொழிபெயர்த்தேன். டாக்டர் சிரிக்கவில்லை. "இந்தக் கேள்வியை இதுவரை ஒருத்தரும் கேட்டதில்லை" என்றார். குக்கருக்குள் காற்று இருந்தால் ஆவி எல்லா இடத்துக்கும் போகாது, அழுத்தம் காட்டினாலும் சூடு ஏறாது. அதனால்தான் ஆவி வந்து காற்றைத் தள்ளிய பிறகு வெயிட் போடுகிறோம். அவருடைய மெஷினில் ஒரு பம்பு முதலில் காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டுத்தான் ஆவியை விடுமாம். ராவும் கருவி மாதிரி உள்ளே ஓட்டை இருக்கும் சாமான்களுக்கு அதுதான் சரி, பழைய மாடலில் உள்ளே காற்று தங்கிவிடும் என்றார். நாற்பது வருஷமாய்ப் பருப்பு வேகவைத்த அம்மாவுக்கு என்னைவிடச் சீக்கிரம் புரிந்துவிட்டது.

என் முறை வந்தது. ரெஜிஸ்டர் கேட்டேன். தடித்த லாங் சைஸ் நோட்டு. தேதி, எத்தனையாவது லோடு, ஆரம்பித்த நேரம், முடிந்த நேரம், கையெழுத்து. ஒவ்வொரு லோடுக்கும் ஒரு துண்டு காகிதம் ஒட்டியிருந்தது. சூடும் ஆவியும் சரியாய் இருந்தால் நிறம் மாறும். வாரத்துக்கு ஒரு நாள் வேறு ஒரு சோதனை: உயிருள்ள பாக்டீரியா விதைகள் உள்ள ஒரு குப்பியை உள்ளே வைத்து ஓட்டி, அப்புறம் இதமான சூட்டில் வைத்து முளைக்கிறதா என்று பார்ப்பது. முளைத்தால் மெஷின் தோற்றது. (அந்த பாக்டீரியாவின் பெயர் ஜியோபேசில்லஸ் ஸ்டியரோதெர்மோஃபிலஸ். ஒரே மூச்சில் சொன்னவர்களுக்கு என் செலவில் மிஷ்டி தோய்.) காகிதத் துண்டு செக்கில் கையெழுத்து சரியா என்று பார்ப்பது மாதிரி. குப்பி, பணம் உண்மையிலேயே வந்து சேர்ந்ததா என்று பார்ப்பது மாதிரி.

பக்கங்களைத் திருப்பும்போது ஒரு வியாழனும் வெள்ளியும் காலியாய் இருந்தது. பழக்கதோஷம், விரலை வைத்து நிறுத்திவிட்டேன். டாக்டர் அடுத்த பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். கேஸ்கட் வழியாய் ஆவி கசிந்ததாம். இரண்டு நாள் ஆஸ்பத்திரியை மூடி, மெக்கானிக்கைக் கூப்பிட்டு மாற்றியிருக்கிறார். கேஸ்கட் வாங்கிய பில், சர்வீஸ் சீட்டு, மறுபடி குப்பி சோதனை பாஸ் ஆன சீட்டு, மூன்றும் ஒட்டியிருந்தது. உங்களில் பேங்க்காரர்கள், ஆடிட்டர்கள் யாராவது இருந்தால் அந்தப் பக்கத்தைப் பார்த்து எனக்கு என்ன ஆகியிருக்கும் என்று புரியும்.

சலைன் பற்றியும் கேட்டேன். கப்போர்டைத் திறந்தார். எல்லாம் சின்ன பாட்டில்கள். ஒருவருக்கு ஒன்று, மிச்சம் தொட்டிக்கு. "வாணியம்பாடி செய்தி நாங்களும் படித்தோம்" என்றார், அந்த ஊர்ப் பெயரை உடைத்து உடைத்து. மூட்டி ஒட்டிய பையை அம்மாவின் கண் முன்னால் கிழித்துக் குறடை எடுத்தார். அம்மா நாற்காலியில் ஏறி உட்கார்ந்து, புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, வாயைத் திறந்தாள். நான் வெளியே போய்விட்டேன். ரத்தம்.

முக்கால் மணி நேரம் கழித்து ஆட்டோவில் திரும்பும்போது அம்மாவின் வாயில் பஞ்சு. பேசக்கூடாது என்று உத்தரவு. தேசப்ரியா பார்க் சிக்னலில் நின்றபோது என் பக்கம் திரும்பி எதையோ சொல்ல வந்து, முடியாமல், கையை மட்டும் என் கை மேல் வைத்தாள். அப்பாவை நினைத்துக்கொண்டாளோ என்னவோ. நானும் எதுவும் கேட்கவில்லை.

மறுநாள் காலையில் பஞ்சு எடுத்து, உப்புத் தண்ணீரில் கொப்பளித்துவிட்டு அம்மா பேசிய முதல் பேச்சு இது:

"எய்யா, அந்த டாக்டரு கேஸ்கட்டு மாத்துன சீட்டையெல்லாம் நோட்டுல ஒட்டி வச்சிருக்கா பாத்தியா. நம்ம வீட்டுக் குக்கர்லயும் ரெண்டு நாளா ஆவி போவுது. சாயங்காலம் வரும்போது ஒண்ணு வாங்கிட்டு வா. அஞ்சு லிட்டர்."